முப்பத்தொன்று கொடுத்த ஆள்

மாவுக் கையால் போனைத் தொடக் கூடாது என்பது அந்த ரொட்டிக் கடையின் சட்டம். சட்டம் போட்டவர் ரொட்டிக்காரரேதான். முன்னொரு போன் அப்படித்தான் செத்துப்போனது. ரிப்பேர் கடைக்காரன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு பன்னே சுடலாம் போலிருக்கே" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து அடுப்பு அணையும் வரை போன் கல்லாவில், அவர் மனைவியிடம்தான் இருக்கும். யாராவது கூப்பிட்டால் அவள் எடுத்து அவர் காதில் வைப்பாள், அவர் தோளால் அழுத்திக்கொண்டு பேசுவார்.

அதனால்தான் பங்குச்சந்தையில் வாங்குவதும் விற்பதும்கூட அவள் விரலால் நடந்தது. அவர் உள்ளே மாவைப் பிசைந்தபடி சொல்வார், அவள் அமுக்குவாள். எதை அமுக்குகிறோம், எதற்கு அமுக்குகிறோம் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அவளைக் கல்லாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சில்லறையில் ஒரு காசு தவற விடாதவள் என்று அவளுக்குப் பேர். அந்தப் பேரெல்லாம் அந்தப் போனிடம் செல்லவில்லை.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. குளிரில் மாவு பொங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ரொட்டிக்காரர் மாவுத் தொட்டியை அடுப்புப் பக்கம் நகர்த்திப் பார்த்தார், ஈரத் துணியைப் போட்டு மூடிப் பார்த்தார், பிறகு நேரத்தோடு சண்டை போட முடியாது என்று பேசாமல் இருந்துவிட்டார். காலை ஈடு ரொட்டி தாமதமாகத்தான் வெளியே வந்தது. வந்த கையோடு கட்டடத்துக்காரரும் வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்தி, ஒரு பன்னை வாங்கி நின்றபடியே தின்றார்.

"நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லம்மா. இத்தனை வருஷமா வாடகைக்கு இருக்கீங்க, இந்த இடத்தை நீங்களே வாங்கிக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா பக்கத்து மருந்துக் கடைக்காரர் கையில காசோட நிக்கிறாரு. நானும் எத்தனை நாள்தான் அவரை இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்கிறது?"

"நாளைக்குக் காலைல அட்வான்ஸ் வந்துடும்ங்க," என்றாள் கல்லாக்கா.

"வந்தா இடம் உங்களுது. வரலைன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது, ஆமா." பன்னுக்குக் காசு கொடுக்காமலே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளும் கேட்கவில்லை.

கடை போனால் வேறு கடை பார்க்கலாம் என்று வெளியாள் சொல்லிவிடுவான். அடுப்பை என்ன செய்வது? செங்கல்லால் கட்டிய அடுப்பு, சுவரோடு சுவராக நிற்கிறது. பெயர்த்து எடுத்தால் செங்கல்தான் மிஞ்சும். இன்னொரு அடுப்பு கட்டவும், கட்டிய அடுப்பு சூடு பிடித்துப் பழகவும் ஆகிற நாளுக்கு யார் சோறு போடுவது? மருந்துக் கடைக்காரர் ஒருநாள் வந்து அந்த அடுப்பைத் தட்டிப் பார்த்து, "இதை இடிச்சா நாலு அலமாரி வைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனதை அவள் மறக்கவில்லை. அன்று அவளுக்கு வந்த கோபத்தில் ரொட்டி வெட்டும் கத்தி கையில் இருந்தது நல்லதுக்கில்லை.

அட்வான்ஸுக்கென்று சேர்த்த பணம் எங்கே என்று கேட்டால், போனில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ரொட்டிக்காரருக்குச் சந்தை ஆசை வந்தது மாவு மூட்டையால். மாவு மில் கம்பெனி மூட்டைக்கு விலை ஏற்றப்போகிறது என்று மாவு கொண்டுவரும் லாரிக்காரன் ஒருநாள் சொன்னான். மற்றவனாக இருந்தால் நாலு மூட்டை கூட வாங்கிப் போட்டிருப்பான். இவர் யோசனை வேறு வழியில் போனது. விலை ஏற்றினால் கம்பெனிக்கு லாபம். லாபம் வந்தால் பங்கு ஏறும். பங்கு வாங்கும் அளவுக்குக் கையில் காசு இல்லை. அதற்கும் ஒரு குறுக்கு வழி இருப்பதாகப் போனில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பங்கையே வாங்க வேணாம்," என்று அன்று மனைவிக்கு விளக்கினார். "அந்தப் பங்கை இன்ன தேதி வரைக்கும், இன்ன விலைக்கு வாங்கிக்கிறேன்னு ஒரு உரிமை இருக்கு. ஆப்ஷன்னு பேரு. அந்த உரிமையை மட்டும் வாங்கிப் போட்டா போதும்."

"வாங்கிப் போட்டா மாவு வருமா?"

"மாவும் வராது, மில்லும் வராது. உரிமைதான். பங்கு ஏறுனா உரிமையும் விலை ஏறும். வேற ஒருத்தன்கிட்ட வித்துடலாம்."

"ஏறலைன்னா?"

"தேதி முடிஞ்சதும் அது வெறும் காத்து."

"காத்தைக் காசு கொடுத்து வாங்கறீங்க," என்றாள் அவள். ஆனாலும் அவர் சொன்னபடி அமுக்கினாள். பன்னிரண்டு என்ற விலையில் நாலு லாட். லாட் என்றால் கட்டு மாதிரி, உதிரியாக விற்க மாட்டார்களாம்.

அமுக்கிவிட்டாளே தவிர மனசு ஆறவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டி, இது என்னடா என்று கேட்டாள். தம்பி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் ஸ்கூல் விடும் வரை வேனை மரத்தடியில் நிறுத்தி, போனை நோண்டிக்கொண்டிருப்பதுதான் வேலை. அவனுக்குத் தெரியாததா என்று ஒரு நம்பிக்கை. அவன் தேதியையும் விலையையும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, "மாமா லேசுப்பட்ட ஆளு இல்லக்கா" என்று மட்டும் சொன்னான்.

அதற்கப்புறம் பன்னிரண்டு பத்தொன்பது ஆனது. ரொட்டிக்காரருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அன்று மாவில் சர்க்கரையை ஒரு கை கூடப் போட்டுவிட்டார், வாங்கிய டீச்சரம்மா மறுநாள் வந்து இதே மாதிரி இன்னொன்று கேட்டார். பத்தொன்பது ஏறும்போது சும்மா இருக்கலாமா என்று, இருபத்திரண்டில் இன்னும் ஆறு லாட் வாங்கச் சொன்னார். அட்வான்ஸ் பணம் மொத்தமும் உள்ளே போனது. அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தாள். சொல்லிக்கொண்டே அமுக்கினாள். அடுத்த நாளே முப்பத்தொன்று. போட்ட பணத்துக்கு மேல் திரை பச்சையாகக் காட்டியது. "யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு பட்டுடும்," என்றார் அவர். அவள் யாரிடம் சொல்லப் போகிறாள்? தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆயிற்று, இன்றைக்கு விற்றால் நாளைக்குக் காலையில் பணம் பேங்குக்கு வந்துவிடும். காலைக் கூட்டம் ஓய்ந்ததும், சாயங்கால ஈட்டுக்கு மாவைக் கொட்டிக்கொண்டே உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"முப்பத்தொண்ணுதானே காட்டுது? பத்து லாட்டையும் முப்பத்தொண்ணுக்குப் போட்டுடு."

போட்டாள். போட்டுவிட்டு டீச்சரம்மாவுக்கு அரை ரொட்டி வெட்டிக் கொடுத்தாள். திரும்பப் பார்த்தால் விற்கவில்லை.

"விக்கலைங்க."

"இரு, வருவான்."

யாரும் வரவில்லை. மழை மட்டும் வந்தது. ரொட்டிக்காரர் கைமுட்டி வரை மாவோடு கல்லாப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கால் திரையைக் காட்டினார்.

"அந்தக் கோட்டுக்கு இடது பக்கம் இருக்கிறது வாங்கறவன். வலது பக்கம் விக்கிறவன். எத்தனை வரி இருக்கு?"

"வலது பக்கம் நம்மளுது ஒண்ணு, முப்பத்தொண்ணு. இடது பக்கமும் ஒண்ணுதான். ஒம்போதுன்னு இருக்கு, பத்து லாட்."

"ஒம்போதா?"

"ஒம்போதுதாங்க. நல்லாப் பாத்துட்டேன்."

"பிச்சைக்காரப் பய."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "மேல முப்பத்தொண்ணுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. வாங்க வந்தவன் ஒம்போதுங்கறான். எதுங்க விலை?"

"முப்பத்தொண்ணு கடைசியா நடந்த விலை."

"எப்ப நடந்துச்சு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "போன வாரம்."

"போன வாரம் எவனோ ஒருத்தன் வாங்கிட்டுப் போன விலையை இன்னைக்கும் போர்டுல எழுதி வச்சிருக்காங்களா? நாம அப்படி எழுதினா சும்மா விடுவாங்களா?"

"நடுவுல வியாபாரமே நடக்கலை, அவன் என்ன பண்ணுவான்?"

"அப்ப நமக்கு லாபம்னு பச்சையாக் காட்டினதெல்லாம்?"

"வாங்கறவன் வந்தா லாபம்தான்," என்றார் ரொட்டிக்காரர். அவர் குரலிலும் முன்பிருந்த சுருதி இல்லை. "நாம கொஞ்சம் எறங்குவோம், அவன் கொஞ்சம் ஏறுவான். நடுவுல எங்கயாவது முடியும். சந்தைன்னா அப்படித்தான்."

முப்பதாக மாற்றினாள். மாற்றும்போது வலது பக்க வரி சட்டென்று காணாமல் போனது.

"ஐயோ, நம்ம வரியைக் காணோம்ங்க."

"விலை மாத்தினா அப்படித்தான். பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கும்."

வைத்தது. ஆனால் அதற்குள் இன்னொரு வரி முளைத்திருந்தது. இருபத்தொன்பது தொண்ணூறு. அதுவும் பத்து லாட். இவர்கள் வரிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"யாரோ நமக்கு முன்னாடி நிக்கிறாங்க."

"எவன் அவன், இத்தனை நாள் இல்லாதவன்? இருபத்தொம்போது அம்பது போடு."

போட்டாள். ஒரு ரஸ்க் பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் அவன் இருபத்தொன்பது நாற்பதுக்கு வந்துவிட்டான். இவர்கள் இருபத்தொன்பதுக்கு இறங்கினால் அவன் பத்துக் காசு குறைத்து அதற்கும் கீழே நின்றான். இருபத்தைந்து என்றார் ரொட்டிக்காரர், ஒரே குதியாக. அவன் இருபத்துநாலு தொண்ணூறு. விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாகிவிட்டது. மாவைப் பிசைவதை விட்டு அடிக்க ஆரம்பித்திருந்தார் அவர். பலகையில் மாவு விழும் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"இவ்வளவு அடிச்சா ரொட்டி கல்லாயிடும்," என்றாள்.

"நீ வாயை மூடிட்டு இருபது போடு."

இடது பக்கத்து ஒன்பது அசையவே இல்லை. வலது பக்கம் இரண்டு வரியும் படியில் உருளும் தேங்காய் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன. இவர்கள் எவ்வளவு இறங்குகிறார்களோ, அவ்வளவு நிம்மதியாக அந்த ஒன்பது உட்கார்ந்திருந்தது. இறங்கினால் அவன் ஏறுவான் என்றாரே, எங்கே ஏறினான்? அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் இன்னும் அடிப்பார் என்று விட்டுவிட்டாள். பதினைந்துக்கு வந்தபோது அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பதினைந்துக்கு விற்றால் கல்லாவில் இருப்பதோடு அட்வான்ஸ் தேறும். ஒன்பதுக்கு விற்றால், கழுத்துச் சங்கிலியையும் அடகு வைத்தால் தேறும். அதற்கும் கீழே போனால் அடுப்பு இல்லை.

மழை வலுத்தபோது அவளுடைய போன் அடித்தது. தம்பி. அவள் அதை எடுத்துக்கொண்டு மாவு மூட்டை அறைக்குள் போனாள், உள்ளே சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

"அக்கா, மாமா அந்த மாவு மில்லு ஆப்ஷனை வித்துட்டாரா?"

"எதுக்குடா கேக்கறே?"

"சும்மாதான்." வேன் கூரையில் மழை அடிக்கிற சத்தம் கேட்டது. "அக்கா, நீ திட்டக் கூடாது. நானும் வாங்கினேன்க்கா."

"எதை?"

"அதையேதான். நீ அன்னைக்குப் படிச்சுக் காட்டினே இல்ல. மறுநாள் வாங்கினேன். ஏறிட்டே இருந்துச்சா, அப்புறமும் வாங்கினேன். சொந்த வேன் வாங்க வச்சிருந்த காசுக்கா. என் பொண்டாட்டிக்குத் தெரியாது."

"அடப்பாவி," என்றாள்.

"தேதி இன்னையோட முடியுதே, வித்துடலாம்னு பாத்தா யாரோ ஒரு கடன்காரன் குறுக்க நிக்கிறான்க்கா. நான் என்ன விலை போட்டாலும் எனக்குக் கீழ போட்டுடறான். நான் பத்துக் காசு எறங்கினா அவன் மண்டையில அடிச்ச மாதிரி ரெண்டு ரூபா, மூணு ரூபா எறங்கறான். பைத்தியக்காரன் போலிருக்கு. அவனால என் காசெல்லாம் போகுது."

அவள் ஒரு மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "இப்ப நீ என்ன விலை போட்டிருக்கே?"

"பதினாலு தொண்ணூறு."

உள்ளேயிருந்து ரொட்டிக்காரர் கத்தினார். "இந்தாம்மா, அந்தத் திருட்டுப் பய இப்ப எவ்வளவுல நிக்கிறான்னு பாரு."

இரண்டு காதிலும் இரண்டு பேர் ஒரே ஆளைத் திட்டுகிறார்கள் என்பது புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்த பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. காலையிலிருந்து அவள் விரல் தன் தம்பியின் கழுத்தைத்தான் ஒவ்வொரு படியாக அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"இருடா, வைக்காதே," என்று சொல்லிவிட்டு இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு மாவுப் பலகைக்கு வந்தாள். தன் போனை ஸ்பீக்கரில் போட்டு, மாவு படாத ஓரமாக வைத்தாள்.

"அந்தத் திருட்டுப் பய லைன்ல இருக்கான், பேசுங்க," என்றாள்.

ரொட்டிக்காரருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தம்பி சொன்னான், அவள் சொன்னாள், மறுபடி தம்பி சொன்னான். அவர் மாவைப் பலகையில் போட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார்.

"மாப்ளே, நீயாடா அது?"

"ஆமா மாமா. அப்ப அந்தப் பைத்தியக்காரன் நீங்களா?"

"நான்தான்டா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளால் சேர முடியவில்லை. அவள் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், நீ எந்த விலைக்கு வாங்கினே?"

"முதல்ல பத்தொம்போதுக்கா. அப்புறம் முப்பத்தொண்ணு."

"அந்த முப்பத்தொண்ணு நீ கொடுத்ததா?"

"ஆமா. ஏன்?"

ரொட்டிக்காரர் சிரிப்பை நிறுத்தினார். அவரும் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பன்னிரண்டுக்கு இவர் வாங்கினார். தம்பி வந்து பத்தொன்பது கொடுத்தான். அட, ஏறுகிறதே என்று இவர் இருபத்திரண்டு கொடுத்தார். அடேயப்பா, ஏறுகிறதே என்று அவன் முப்பத்தொன்று கொடுத்தான். மாமனும் மச்சானும் மாறி மாறி ஏற்றிவிட்டு, ஏறிவிட்டது ஏறிவிட்டது என்று தனித்தனியே சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். மாவு மில் பாட்டுக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப நம்ம காசு ரெண்டும் யார்கிட்டங்க போச்சு?" என்று கேட்டாள்.

"நமக்கு வித்தவன்கிட்ட."

"அவன் யாரு?"

"யாருக்குத் தெரியும்?"

"இப்ப ஒம்போதுக்குக் கேக்கறானே, இவன் யாரு?"

ரொட்டிக்காரர் திரையை எட்டிப் பார்த்தார். போனுக்குள்ளிருந்து தம்பிதான் மெதுவாகச் சொன்னான். "அவனேகூட இருக்கலாம்க்கா."

முப்பத்தொன்றுக்கு விற்றவனே ஒன்பதுக்குக் கேட்கிறான் என்றால் அது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை. அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், கல்யாணம் ஆனவனா, ரொட்டி தின்பவனா, ஒன்றும் தெரியாது. இடது பக்கத்தில் ஒரு எண், அவ்வளவுதான். யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் மாதிரி ஒரு கஷ்டம் கிடையாது. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"சரி, ஆனது ஆச்சு," என்றார் ரொட்டிக்காரர். "மார்க்கெட் மூடற நேரம். மாப்ளே, அந்த ஒம்போதுக்காரன் பத்து லாட்டுதான் கேக்கறான். நமக்குள்ள ஒருத்தர்தான் விக்க முடியும். நீ வித்துடு."

"என்ன மாமா பேசறீங்க? உங்களுக்கு நாளைக்கு அட்வான்ஸ் கட்டணும். அக்கா சொன்னது மறந்துடுமா? நீங்க வில்லுங்க."

"டேய், நான்தான் பெரியவன். நான் ஆரம்பிச்ச வினை. உன் வேன் காசைக் கெடுத்துட்டு நான் கடை வாங்கி என்ன பண்ணப் போறேன்?"

"வேன் எங்க மாமா ஓடிப்போகுது, இன்னொருத்தன் வேனை ஓட்டிட்டுப் போறேன். உங்க அடுப்பு போனா வருமா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். சொன்னா கேளு, வித்துடு."

"மாட்டேன் மாமா. நீங்க வில்லுங்க."

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு யார் காசு கொடுப்பது என்று இரண்டு பேரும் எப்போதும் இப்படித்தான். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள், சட்டைப்பை கிழியும் வரை விட மாட்டார்கள். கடைசியில் அவள்தான் பையைத் திறந்து கொடுத்துவிட்டு வருவாள். இப்போதும் அதே உபசாரம். அவரவர் சொல்வது மனசாரச் சொல்வதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒன்பது எத்தனை நேரம் உட்கார்ந்திருக்கும்?

ரொட்டிக்காரரின் போன் அவள் கையில் இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தம்பியை அவள்தான் தூக்கி வளர்த்தாள். அவன் முதல் முதலில் லைசென்ஸ் எடுத்த அன்று, மற்ற வீடுகளுக்கெல்லாம் முன்னால் இந்தக் கடை வாசலில்தான் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி ஹார்ன் அடித்தான். அவன் விற்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அடுப்பைப் பார்த்தாள். இரும்புக் கதவு இடுக்கில் நெருப்பு தெரிந்தது. அலமாரி வைக்கிறானாம் அலமாரி என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டில் எது தன்னுடைய மனசு என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் சொன்னபடி அமுக்கித்தான் இத்தனை நாள் பழக்கம். இப்போது சொல்வார் யாரும் இல்லை.

அப்போது வலது பக்கத்தில் பதினாலு தொண்ணூறு காணாமல் போனது.

விலை மாற்றினால் அப்படித்தான் என்று அவர் சொல்லியிருந்தார். பழசை எடுத்துவிட்டுப் புதுசை வைக்கும். தம்பி வாயால் மாட்டேன் மாமா என்று சொல்லிக்கொண்டே கையால் ஒன்பதுக்கு மாற்றுகிறான். அடுத்த நொடி விற்றிருக்கும். இவன் இவ்வளவுதானா என்று ஒரு ஆத்திரம், என் அடுப்பு என்று ஒரு பயம், இரண்டும் சேர்ந்து விரலுக்கு வந்துவிட்டன. விலையை ஒன்பது என்று மாற்றி அமுக்கினாள்.

இடது பக்கம் துடைத்தது போலக் காலியானது. விற்றாயிற்று என்று திரையின் அடியில் ஒரு வரி வந்து போனது.

"போச்சு மாமா," என்றான் தம்பி போனில். "வாங்கறவன் ஓடிட்டான். இடது பக்கம் ஒண்ணுமே இல்ல."

ரொட்டிக்காரர் கையிலிருந்த காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்த்தார். "போனா போகட்டும் விடுறா. ரெண்டு பேருக்கும் இல்லைன்னு ஆச்சு. நமக்குள்ள மனஸ்தாபம் இல்லாம போச்சே, அது போதும்." சொல்லும்போது அவர் முகம் தெளிந்துகூட இருந்தது. கடை போன மனுஷன் முகமாகவே இல்லை.

சொல்லாமல் இருந்துவிட முடியாது. நாளைக்குப் பேங்கில் பணம் வந்து சொல்லிவிடும்.

"ஓடலை. நான்தான் வித்தேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தம்பி ஏதாவது சொல்லட்டும், அவன் சொல்வதை வைத்துத் தானும் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். நீ மட்டும் என்னடா பண்ணப் பார்த்தே என்ற கேள்வி நாக்கு நுனியில் நின்றது.

"அப்பாடா," என்றான் தம்பி. ஒரு பெருமூச்சு கேட்டது. "இப்பதான்க்கா எனக்கு உயிரே வந்துச்சு. மாமா விடாம உபசாரம் பண்ணிட்டே இருந்தாரா, இது ஆவறதில்லைன்னு நான் என்னோடதைக் கேன்சல் பண்ணிட்டேன். என் வரி இல்லைன்னா உனக்குப் புரிஞ்சுடும், நீயாவது அமுக்கிடுவேன்னு நினைச்சேன். கரெக்டா அமுக்கினே பாரு. அதைப் பாத்துதானேக்கா அமுக்கினே?"

ஸ்கூல் மணி அடிக்கும் சத்தமும், பிள்ளைகள் மழையில் ஓடிவந்து வேன் கதவை இழுக்கும் சத்தமும் போனில் கேட்டன. ரொட்டிக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா, லைன்ல இருக்கியா? அதைப் பாத்துதானே?"

"ஆமாண்டா," என்றாள் அவள். "அதைப் பாத்துதான்."